கஜு எண்ணெய் தின்ற கோடுகள்

கஜு என்கிற முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் அனாகார்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. தில்லையடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். அதன் மூலக்கூற்றை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் படம் கீறிக் காட்டுவேன். பருப்பைப் புழுவும் பூச்சியும் தின்னாமல் இருக்க மரம் வைத்திருக்கும் காவல் அது என்றும், மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்து போகிறதே, அதற்கும் இதற்கும் ஒரே குடும்பம் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் அக்காவுக்கு, ராத்தா என்றுதான் நாங்கள் சொல்வோம், அந்தப் பெயர் தெரியாது. அவளுக்கு அது வெறும் எண்ணெய். பட்டால் எரியும், பிறகு கறுக்கும், பிறகு தோல் உரியும். அவ்வளவுதான் அவள் படித்த விஞ்ஞானம்.

படித்தவள் செய்த மடத்தனத்தை எழுதப் போகிறேன். யாரும் கேட்கவில்லை. ராத்தாவும் கேட்டதில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது எனக்குப் பதின்மூன்று வயது, ராத்தாவுக்குப் பத்தொன்பது. வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய நாங்கள் மூன்று பெண்கள்தான்: உம்மா, ராத்தா, நான். உம்மாவுக்கு வள்ளத்தில் பிடித்த நடுக்கம் கடைசி வரைக்கும் விடவில்லை. கிடுகுக் கொட்டிலில் ஒரு வருடம் நிவாரண அரிசியைத் தின்றுகொண்டு இருந்தோம். பிறகு கஜு முதலாளி ஒருவருடைய ஆள் மூட்டையோடு வந்தான். கொட்டையை உடைத்துப் பருப்பைக் கொடுத்தால் கூலி. கொட்டிலுக்குள் இருந்தபடியே செய்யலாம் என்றதும் ராத்தா முதல் ஆளாகக் கையை நீட்டினாள்.

பலகைக் கட்டையின் மேல் கொட்டையை வைத்து, வளைந்த கத்தியால் ஒரு போடு போட்டு, இரண்டாகப் பிளந்து, பருப்பு உடையாமல் கிண்டி எடுக்க வேண்டும். பிளக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பொங்கி விரலில் வழியும். மண்ணிறமான, பிசுபிசுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு, அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். கையுறை போட்டால் பருப்பு பிடிபடாது, வேலை ஓடாது. மாலையில் ராத்தா கையைக் கழுவும்போது விரல் நுனித் தோல் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று வரும். அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மாவு பிசையப் போவாள்.

கூடமாட உதவி செய்ய நானும் ஒரு நாள் கத்தியைத் தூக்கினேன். அப்படி ஒரு அடி அவள் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அடித்ததில்லை.

"இதுல நீ கையை வெச்சா வெட்டிப் போடுவன். பொத்தகத்தை எடு போ. ஒரு வீட்டுல ரெண்டு கறுத்த கை வாணாம்."

நான் புத்தகத்தை எடுத்தேன். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் ஒரு கஜுக் கொட்டையைக்கூட நான் உடைத்ததில்லை. பருப்பை மட்டும் தின்றிருக்கிறேன்.

அவளையும் பெண் கேட்டு வந்தார்கள். வந்த வீட்டார் தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்திருந்த ராத்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வந்து, தங்கத்தை உரசிப் பார்க்கிறவள் மாதிரி ராத்தாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு ராத்தா அந்தக் கதையை வீட்டில் யாரும் எடுக்க விடவில்லை. என் கல்யாணத்துக்கு மருதாணியைத் தானே அம்மியில் அரைத்து, என் பத்து விரலுக்கும் தொப்பி வைத்த மாதிரி அப்பினாள். கொஞ்சம் நீயும் வெச்சுக்கொள்ளேன் என்றேன்.

"கறுப்புக்கு மேல செகப்புப் புடிக்குமா? போடி விசரி," என்று சிரித்தாள்.

யுத்தம் முடிந்தது. எங்களோடு வந்த பலர் மன்னாருக்குத் திரும்பிக் காடாகிப் போன காணிகளை வெட்டத் தொடங்கினார்கள். நாங்கள் போகவில்லை. உம்மாவை அடக்கியது இங்கேதான், என் வேலையும் இங்கேதான். ராத்தா என் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இரண்டு அறை வீடொன்றில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தங்கச்சி இருக்கும்போது இன்னும் என்ன கஜு என்று நான் கத்துவேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்க் கஃபாவை ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும். ஹஜ் காலத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் அசையாமல் இருப்பாள், தேத்தண்ணி ஆறிப் போவதும் தெரியாது. என் கூலிக் காசில்தான் போவேன், நீ தர வாணாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

பெண்களுக்குப் பயணத்தில் துணைக்கு நெருங்கிய ஆண் உறவு ஒருவர் வேண்டும். என் கணவர் ராத்தாவுக்கு அந்த உறவில் சேரமாட்டார். என் மகனுக்கு இருபது வயதானதும் அந்தக் கவலை தீர்ந்தது. எனக்கு மகன், அவளுக்குத் தங்கச்சி மகன், இரண்டு பேருக்கும் அவனே போதும். உம்ராவுக்குக் குழுக் குழுவாகக் கூட்டிப் போகிறவர்களிடம் மூவருமாகப் பெயர் கொடுத்தோம். விசாவுக்கு விரல் அடையாளம் எடுக்க வேண்டும், கொழும்புக்கு வாருங்கள் என்றார்கள்.

அந்த அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று பச்சை வெளிச்சத்தோடு இருந்தது. மகன் வைத்தான், எடுத்தது. நான் வைத்தேன், எடுத்தது. ராத்தா பிஸ்மி சொல்லி நான்கு விரலையும் வைத்தாள். பெட்டி சிவப்புக் காட்டியது. துடைத்து வைத்தாள், சிவப்பு. அழுத்தி வைத்தாள், சிவப்பு. மேசையில் இருந்த பையன் எழும்பி வந்து அவள் விரலைக் குனிந்து பார்த்தான். நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் பார்க்காததைப் பார்த்தேன். கறுத்த விளிம்புகளுக்கு நடுவில் விரல் நுனிகள் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழு என்று இருந்தன. ஒரு கோடு இல்லை.

"அம்மா, இது எடுக்குது இல்ல. தோல் வளர்ந்த பிறகு வாங்க. ஒரு மாசம் போகட்டும்," என்றான். நல்ல பையன். ஆனால் அவள் கையை எடுத்ததும் கண்ணாடியை மருந்துத் தண்ணீர் போட்டு இரண்டு தரம் துடைத்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற கொழும்புப் பெண் ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லாருக்கும்தான் துடைத்திருப்பான். பிள்ளை சும்மாவும் ஓடியிருக்கும். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை, முகம் சுட்டது. ராத்தா ஒன்றையும் கவனிக்கவில்லை. ஒரு மாதம்தானே என்று சந்தோஷமாக வந்தாள்.

எங்கள் மூவரையும் அடுத்த குழுவில் சேர்த்தார்கள். ராத்தா கஜு உடைப்பதை நிறுத்தினாள். வேலையில்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் வீட்டுக்கு வந்து துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தாள். நான் தடுத்தேன். சவர்க்காரமும் கூடாது, தேங்காய் எண்ணெய் மட்டும் பூசு என்று சட்டம் போட்டேன். கிழமைக்கொரு தரம் அவளைக் கதிரையில் இருத்தி, பென்சில் தூளை விரலில் தேய்த்து, ஒட்டுக் கடதாசியை அமுக்கி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற வேலைதான். முதல் கிழமை கறுப்புப் பூச்சு மட்டும் வந்தது. இரண்டாம் கிழமை ஓரத்தில் இரண்டு மூன்று கீறல். நாலாம் கிழமை வலக்கைச் சுட்டு விரலில் சுழி ஒன்று முழுசாக வந்தது.

ராத்தா தாளைத் தூக்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்டதா?"

"உன்டதுதான். உலகத்துல வேற ஒருத்தருக்கும் இது இல்ல."

"அல்லாஹ் எனக்கெண்டு ஒண்டைக் குடுத்து வெச்சித்தான் இரிக்கிறான்," என்றாள். அந்தத் தாளை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் அலுமாரியில் வைத்தாள்.

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

மறுபடி கொழும்புக்குப் போகிற நாளுக்கு முதல் நாள் அஸர் தொழுத கையோடு மருதாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். கோடு வந்திருந்ததே தவிர விரல்களின் கறுப்பு முற்றாகப் போகவில்லை. நகத்தடியிலும் மடிப்புகளிலும் திட்டுத் திட்டாக இருந்தது. அந்த வரிசை, அந்தக் கொழும்புப் பெண், கண்ணாடி துடைத்த பையன், எல்லாம் ஒரு மாதமாக என் கண்ணுக்குள் நின்றன. மருதாணி வைத்தால் கறுப்பு மறையும். உம்ராவுக்குப் போகிறவள் அழகாகப் போனால் என்ன குறை?

"வாணாம் புள்ள. சும்மா போவம்," என்றாள் ராத்தா.

"என்ட கல்யாணத்துக்குத்தான் வெக்கல்ல. இதுக்காவது வெய்யி. அல்லாஹ்ட வீட்டுக்குத்தானே போறாய்."

ராத்தா கையை நீட்டினாள். ஒவ்வொரு விரல் நுனிக்கும் நகம் மூடும்படி அப்பினேன். அவள் கண் கலங்கியது. அன்பினால் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்பும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கிண்ணத்தை எடுக்க வைத்தது வெட்கம். பத்து விரலைக் கறுக்க வைத்து என்னைப் படிப்பித்தவளுடைய விரல்களைப் பார்த்து எனக்கு வந்த வெட்கம். மருதாணி அந்தப் புதுத் தோலில் எப்படிப் பிடித்தது தெரியுமா? என் கல்யாணத்தில் எனக்குக்கூட அந்தச் சிவப்பு வரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ராத்தா பெருமையாகக் கையை விரித்தாள். பையன் பார்த்தான். பெட்டியின் பொத்தானைத் தட்டவே இல்லை.

"மருதாணி வெச்சிருக்கே அம்மா. மருதாணி இருந்தா நாங்க எடுக்க ஏலாது. நாங்க தந்த தாளில போட்டிருக்குதானே."

போட்டிருந்தது. தாளின் அடியில், பொடி எழுத்தில், மற்ற எல்லா விதிகளோடும் ஒன்றாக. சோதனையில் கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கள் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான். எடுத்துப் பார்க்கவாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். விரலை வைக்கவிட்டான். மூன்று விரலை எடுத்தது, மற்றவற்றை எடுக்கவில்லை. ராத்தா கழிப்பறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், அபாயாவின் ஓரத்தில் தேய்த்தாள், சுவரில்கூடத் தேய்த்தாள். மருதாணியின் சாயம் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், கழுவிப் போகாது, தோலோடு சேர்ந்துதான் போகும். அதுவும் எனக்குத் தெரியும். அதையும் நான் படிப்பிக்கிறேன்.

பத்து நாளில் இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகென்றால் எங்கள் குழு போய்விடும். திரும்பும் பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் என்னையே ஏசிக்கொண்டு வந்தேன். ராத்தாதான் என்னைத் தேற்றினாள். நீ நல்லத்துக்குத்தானே செஞ்சாய் என்றாள். பாலாவியில் பஸ் ஆட்களை இறக்க நின்றபோது, எரிச்சலில் வெளியே பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னேன்.

"இந்தத் தோல் ஒரு கிழமையில உரிஞ்சி விழுந்தாப் போதும் ராத்தா. வேற ஒண்டும் வாணாம்."

அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. விடைத்தாளோடு மாரடித்துக்கொண்டிருந்ததில் ஐந்து நாள் நான் பின் ஒழுங்கைக்குப் போகவில்லை. ஆறாம் நாள் போனேன். வாசலில் ஓடு உடைந்த கஜுக் கோது ஒரு குவியல் கிடந்தது. உள்ளே ராத்தா கையைப் போர்த்தியிருந்த தாவணிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, பிள்ளை விளையாட்டுக் காட்டுகிற மாதிரி சிரித்தாள்.

"செகப்பு போயிட்டு, பாரு."

கையை வெளியே எடுத்தாள். போய்த்தான் இருந்தது. சாம்பலும் பூசாமல் தேங்காய் எண்ணெயும் பூசாமல் நாலு நாளாகக் கஜு உடைத்திருக்கிறாள். ஓட்டின் எண்ணெயை எடுத்து விரல் நுனியில் வேண்டுமென்றே தடவியும் இருக்கிறாள். மருதாணித் தோல் முழுதும் உரிந்து, விரல்கள் வெந்து, இளஞ்சிவப்பாகப் பளபளத்தன. தோல் உரிய வேண்டும் என்று நான் சொன்னேன். தோலை உரிக்கிற பொருளை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? கோடும் அந்தத் தோலில்தான் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஒரு மாதம் பென்சில் தூள் பூசி விளையாடினேனே தவிர, அந்த ஒரு வசனத்தை நான் சொல்லவே இல்லை.

இப்போது நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருப்பது அதற்குப் பிறகு செய்ததற்குத்தான். நான் கத்தினேன். அந்த வெந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, உனக்கு மண்டையில் ஒண்டும் இல்லையா என்று கேட்டேன். அமிலம் என்றேன், அடித்தோல் என்றேன், வகுப்பில் நிற்கிறவள் மாதிரி பாடம் எடுத்தேன். சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாதுதானே புள்ள," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் தடவையும் கொழும்புக்குப் போனோம். பத்து விரலுக்கும் சிவப்பு வெளிச்சம்தான் வந்தது. வெளியே வந்து மர நிழலில் நின்றபோது ராத்தா எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

"நீயும் மகனும் போங்க. உங்கட விசாவை வீணாக்க வாணாம். எனக்காக அங்க துஆ கேளு. அடுத்த வருசம் நான் போறன்."

போகமாட்டேன் என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் பெட்டி கட்டினேன். எனக்கும் போக ஆசை இருந்தது. அவள் சொன்னதால் போனேன் என்று நெடுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கஜு உடைத்த கையால் பிசைந்த மாவில் முறுக்குச் சுட்டுத் தந்து, வான் ஒழுங்கை திரும்பும் வரைக்கும் கைகாட்டிக்கொண்டு நின்றாள்.

ஜித்தா விமான நிலையத்திலும் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்த உடனே பச்சை. அந்த அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, போ என்று கையசைத்தார். நான் அசையாமல் நின்றேன். பின்னால் நின்ற மகன் தள்ளினான். என் விரல்களில் ஒரு கீறல் இல்லை, ஒரு மறு இல்லை. அவற்றை அப்படி வைத்திருந்தது யார் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கஃபாவைக் கண்டதும் முதலில் கேட்கிற துஆ கபூலாகும், கேட்டது கிடைக்கும் என்பார்கள். ராத்தாவை இங்கே கொண்டு வா என்று கேட்டேன்.

திரும்பி வந்து மக்காவின் ஸம்ஸம் தண்ணீரைக் கொடுத்தபோது, கண்ணால பாத்தியா, எப்படி இரிக்கி என்று கேட்டுக் கேட்டு மாளவில்லை அவளுக்கு. தொலைக்காட்சியில் பார்ப்பதைவிடப் பெரிசா, கிட்டப் போகலாமா, தொட்டியா. தொட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டாள்.

அடுத்த வருடம் கொரோனா வந்து உலகம் முழுக்கக் கதவு சாத்தப்பட்டது. அதற்கடுத்த வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி. படுக்கையில் விழுந்தவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன், தலை வாரினேன். எட்டு மாதம் கிடந்தாள். கஜு மூட்டை அவள் வாசலுக்கு வருவது அந்த எட்டு மாதமும் நின்றிருந்தது. அந்த நாட்களில் உம்ராவைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எட்டு மாதம் இருந்தது எனக்கு. நாளைக்குக் கேட்போம், கொஞ்சம் சுகமாகட்டும் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் மவுத்தானாள். மய்யித்தைக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு நானும் நின்றேன். வலப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். தண்ணீர் ஊற்றி, கையைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே கழுவும்போது என் பெருவிரலில் ஏதோ சொரசொரத்தது. ராத்தாவின் விரல் ஒருநாளும் சொரசொரத்ததில்லை.

வலக்கைச் சுட்டு விரலைப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். கறுப்பு முழுதும் போய், சின்னப் பிள்ளையின் விரல் மாதிரி இருந்தது. நடுவில் அந்தச் சுழி. அடுத்த விரலைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். பத்திலும் கோடு இருந்தது. கூட நின்ற பெண், தண்ணி ஆறுது, கையை விடுங்க டீச்சர் என்றாள்.

அந்தப் பெட்டி முதல் தடவையிலேயே எடுத்திருக்கும்.